அப்பாவுக்கு, யூட்டா பாலைவனத்திலிருந்து

சால்ட் லேக் சிட்டி,
யூட்டா மாநிலம்,
ஜனவரி 27.

அன்புள்ள அப்பாவுக்கு,

மகன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் மருமகளும் பேரப்பிள்ளைகளும் நலம். அங்கு நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

துப்பாக்கி வைத்திருந்த ஒருவருக்குப் பக்கத்தில் நான் வெள்ளை அங்கி போட்டு உட்கார்ந்திருந்த படத்தைத் தம்பி காட்டியதும் அம்மா கலங்கிப்போனார் என்று அறிந்தேன். தொலைபேசியில் விளக்கினால் உங்களுக்குப் பாதிதான் காதில் விழும், அம்மாவோ பாதியிலேயே அழத் தொடங்கிவிடுவார் என்பதால், நடந்ததை விவரமாக எழுதுகிறேன். தம்பியை நிதானமாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். முதலில் அம்மாவுக்கு: துப்பாக்கி என்னுடையதன்று, நான் சுடவுமில்லை. தற்காலிக விசாவில் இருப்பவர் இங்கே துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே, வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இல்லாவிட்டால், மத்தியச் சட்டப்படி குற்றம். எனக்குக் கிரீன் கார்டு வந்துவிட்டதால் அந்தத் தடை இல்லை என்றாலும், வாங்கும் எண்ணம் எனக்கில்லை. என்னோடு வேலை பார்க்கும் நண்பருக்குத் துணையாக ஒரு சனி, ஞாயிறு போய்வந்தேன், அவ்வளவே.

நாங்கள் தேடிப் போன விலங்கின் பெயர் கயோட்டி. அது நம் ஊர் நரிக்கு ஒன்றுவிட்ட உறவு. நரியைவிடச் சற்றுப் பெரியது, ஓநாயைவிடச் சிறியது. ஊளையைக் கேட்டால் நீங்கள் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிடுவீர்கள். ஒரு காலத்தில் மேற்குப் பகுதியின் புல்வெளிகளிலும் பாலைகளிலும் மட்டுமே திரிந்த இந்த விலங்கு, வெள்ளையர்கள் ஓநாய்களை ஒழித்துக் காடுகளையும் வெட்டித் திறந்தபின் கிழக்குக் கடற்கரை வரை பரவி, இன்று ஹவாய் நீங்கலாக எல்லா மாநிலங்களிலும் வாழ்கிறது. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில்கூடத் தென்பட்டிருக்கிறது. இத்தனைக்கும் நூறாண்டுகளுக்கு மேலாக நஞ்சு வைத்தும், பொறி வைத்தும், விமானத்திலிருந்து சுட்டும் அதைக் கொன்றுகொண்டுதான் இருக்கிறார்கள். மத்திய வேளாண் துறையின் ஒரு பிரிவு மட்டுமே சில ஆண்டுகளில் ஆண்டுக்கு 60,000-க்கு மேல் கொன்றிருக்கிறது. நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த அதே 1972-இல்தான் இங்கே அதிபர் நிக்ஸன் மத்திய அரசு நிலங்களில் இத்தகைய விலங்குகளுக்கு நஞ்சு வைப்பதைத் தடை செய்தார். பின்னர் அந்தத் தடையும் தளர்ந்தது. யூட்டாவில் கயோட்டியைச் சுட உரிமமும் தேவையில்லை, பருவமும் கிடையாது.

எங்கே சுடுவது என்பதில்தான் கட்டுப்பாடு. இந்த மாநிலத்தில் ஏறத்தாழ 2.3 கோடி ஏக்கர், அதாவது பரப்பில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல், மத்திய அரசின் நில மேலாண்மைப் பணியகத்தின் கையில் இருக்கிறது. நம் புறம்போக்கு போல, யார் முதலில் வேலி போடுகிறாரோ அவருக்கு என்று போய்விடாமல், யாரும் நடக்கலாம், பொதுவாகப் பதினான்கு நாள்வரை ஓரிடத்தில் கூடாரம் போட்டுத் தங்கலாம், விதிகளுக்கு உட்பட்டு வேட்டையாடலாம் என்ற உரிமையோடு அது கிடக்கிறது. ஆட்டுக்காரர்களும் மாட்டுக்காரர்களும் கட்டணம் கட்டி அதே நிலத்தில் மேய்க்கிறார்கள். நண்பரின் கைப்பேசியில் உள்ள வரைபடம் நிலத்தை நிறம்நிறமாகக் காட்டும்: மத்திய அரசின் நிலம் மஞ்சள், தனியார் நிலம் வெள்ளை, மாநிலத்தின் பள்ளி நிலம் நீலம். இந்தப் பள்ளி நிலம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. 1896-இல் யூட்டா மாநிலமானபோது, 36 சதுர மைல் கொண்ட ஒவ்வொரு வட்டகையிலும் 2, 16, 32, 36 என்று எண்ணிட்ட நான்கு சதுர மைல்களைப் பள்ளிகளின் வருமானத்துக்கென்று கொடுத்தார்கள். அதனால் வரைபடத்தைத் திறந்தால் மஞ்சள் விரிப்பில் நீலச் சதுரங்கள் ஒழுங்கான இடைவெளியில் சிதறிக் கிடக்கின்றன. தரையில் நின்று பார்த்தால் அப்படி ஒரு கோடும் தெரியாது. எல்லாம் ஒரே சாம்பல் நிறச் சேஜ் புதர்தான். அதனால் நண்பர் துப்பாக்கியைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் வரைபடத்தைத்தான் பார்த்தார். வீட்டுக்கு 600 அடிக்குள் சுடக் கூடாது, வண்டியில் இருந்தபடி சுடக் கூடாது, சாலைக்குக் குறுக்கே சுடக் கூடாது என்பன போன்ற விதிகளை அவர் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். தெரு முனையில் நின்று சிக்னலைக் கவனிக்காமல் சாலையைக் கடக்கும் மனிதர் அவர். வேட்டையில் இவ்வளவு கவனமாக இருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

சனிக்கிழமை விடியுமுன் புறப்பட்டு, நகரத்துக்கு மேற்கே ஸ்கல் பள்ளத்தாக்கு வழியாகத் தெற்கே போனோம். வழியில் கோஷூட் பழங்குடியினரின் சிறிய ஒதுக்கீட்டு நிலம் வருகிறது. அது பொது நிலமன்று, அவர்கள் அனுமதியின்றி உள்ளே வேட்டையாட முடியாது. அதற்கும் அப்பால் டக்வே என்ற ராணுவச் சோதனைக் களத்தின் வேலி. உங்களுக்கு இந்த இடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1968 மார்ச்சில் அங்கே ராணுவம் விமானத்திலிருந்து நரம்பு நஞ்சைத் தெளித்துச் சோதித்த சில நாள்களில், இந்தப் பள்ளத்தாக்கில் மேய்ந்துகொண்டிருந்த சுமார் 6,000 ஆடுகள் செத்து விழுந்தன. ராணுவம் இழப்பீடு கொடுத்தது. எத்தனை பரம்பரைக் கயோட்டிகள் சேர்ந்தாலும் ஒரே வாரத்தில் அத்தனை ஆடுகளைக் கொன்றிருக்க முடியாது என்று நண்பரே சொன்னார். அவருடைய தாத்தா சான்பீட் மாவட்டத்தில் ஆடு வைத்திருந்தவர்.

வேட்டையின் முறை எளிது, பொறுமைதான் கடினம். வண்டியை ஒரு மேட்டுக்குப் பின்னால் மறைத்துவிட்டு, கதவைச் சத்தமின்றிச் சாத்தி, காற்று முகத்தில் படும்படி சில நூறு மீட்டர் நடக்க வேண்டும். ஐம்பது, அறுபது மீட்டர் முன்னால் ஒரு சிறிய ஒலிபெருக்கியை வைத்துவிட்டு, ஜூனிப்பர் மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார வேண்டும். பிறகு அந்தக் கருவியில் அடிபட்ட முயலின் அலறலை ஒலிக்க விடுவார். கேட்கவே வயிற்றைப் பிசையும் சத்தம் அது. கயோட்டி நேராக ஓடிவராது. சத்தம் வரும் இடத்துக்குக் காற்றுத் திசையில் சுற்றிப்போய் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கிட்ட வரும். அந்தப் பக்கத்தைக் கவனிப்பதுதான் எனக்கு விதிக்கப்பட்ட வேலை. கால் மணி நேரத்துக்கு மேல் ஒன்றும் வராவிட்டால் எழுந்து, ஒரு மைல் தள்ளிப்போய், மீண்டும் முதலிலிருந்து. உறைநிலைக்கு வெகு கீழே இருக்கும் குளிரில் மூக்கைச் சொறியவும் அனுமதியில்லை.

நரி முகத்தில் விழித்தால் யோகம் என்று நம் ஊரில் சொல்வார்கள். சனிக்கிழமை முழுவதும் எங்களுக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. முயலின் குரலை நம்பி ஒரு பொன்னிறக் கழுகு மட்டும் தாழப் பறந்து வந்து, ஒலிபெருக்கியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஏமாற்றிய எங்களையும் பார்த்துவிட்டுப் போனது.

பிற்பகலில்தான், நான் இந்தக் கடிதத்தை எழுதுவதற்கே காரணமான மனிதரைச் சந்தித்தோம். ஒரு சரிவில் பெரிய ஆட்டுமந்தையும், அருகில் தகர அடுப்புப் புகையும், சக்கரம் வைத்த சிறு வீடு போன்ற வண்டியும் தெரிந்தன. ஆட்டுக்காரர் பெரு நாட்டவர், ஆண்டீஸ் மலையில் உள்ள வாங்காயோ பக்கத்துக்காரர். இங்கே மேற்கு மாநிலங்களின் மந்தைகளை மேய்ப்பவர்களில் பெரும்பாலோர் இப்படிப் பெருவிலிருந்து தற்காலிக வேளாண் விசாவில் வருகிறவர்கள். நண்பர் இளவயதில் தன் மார்மன் சர்ச்சின் சார்பாக இரண்டு ஆண்டுகள் பெருவில் இருந்தவராதலால் ஸ்பானிஷ் நன்றாகப் பேசுவார். ஆட்டுக்காரர் உடனே காபி போட்டார். மார்மன் மதத்தார் காபி குடிப்பதில்லை. நண்பர் சர்ச்சுக்குப் போவதை நிறுத்திப் பல ஆண்டுகளாகியும் காபியை மட்டும் இன்னும் தொடங்கவில்லை. ஆகவே அவர் பங்கும் எனக்கே வந்தது.

என் அப்பா கிடை போட்டவர், துணைக்கு ஆள் வைத்து ஆடு ஓட்டிக்கொண்டு மாதக்கணக்கில் வெளியே கிடந்தவர் என்று நண்பர் மூலம் சொன்னேன். அதன்பின் அவர் நண்பரை விட்டுவிட்டு என்னிடமே பேசினார். குளிர்காலத்தில் இந்தப் பாலைவனம், கோடையில் வாசாட்ச் மலைமேல் என்று ஆடுகளோடு ஏறி இறங்குவதே அவருக்கு ஆண்டு முழுவதும் வேலை. அறுவடை முடிந்த வயல்களில் இரவு ஆட்டை மறித்தால் உரத்துக்காக விவசாயி நமக்குக் காசு கொடுப்பார் என்று சொன்னபோது, அவர் நம்பாமல் இரண்டு முறை கேட்டார். இங்கே மேய்க்க முதலாளிதான் அரசுக்குப் பணம் கட்டுகிறார். கயோட்டி பற்றிக் கேட்டோம். குளிர்காலத்தில் அவ்வளவு தொல்லையில்லை, வசந்தத்தில் குட்டி ஈனும் மாதங்களில்தான் உறக்கமில்லை என்றார். மந்தையோடு நின்ற இரண்டு வெள்ளை நாய்கள் கன்றுக்குட்டி உயரம் இருந்தன. அவை குட்டிப் பருவத்திலிருந்தே ஆடுகளுக்கு நடுவில் வளர்ந்தவை. துப்பாக்கியைவிட அவற்றையே தான் நம்புவதாகச் சொன்னார்.

அன்றிரவு சிம்ப்ஸன் ஸ்பிரிங்ஸ் என்ற நீரூற்றுக்கு அருகில் கூடாரம் அடித்தோம். 1860, 61-இல் குதிரைகளில் தபால் கொண்டுபோனவர்கள் குதிரை மாற்றிய இடம் அது. ஞாயிறு விடியலில், நீரூற்றிலிருந்து சில மைல் தள்ளி உட்கார்ந்தபோது, இம்முறை முயலுக்குப் பதிலாகக் கயோட்டியின் ஊளையையே நண்பர் ஒலிக்க விட்டார். ஜனவரி முதல் மார்ச் வரை இணை சேரும் காலம். தங்கள் எல்லைக்குள் அந்நியன் வந்துவிட்டதாக எண்ணி இணை இரண்டும் வரும் என்றார். அப்படியே வந்தன. ஒன்று காற்றுப் பக்கம் சுற்றியது. நான் அவருடைய முழங்காலைத் தொட்டேன். மற்றொன்று நேரே வந்து நூற்றைம்பது மீட்டரில் நின்று பார்த்தது. ஓநாயோ நாயோ அன்று என்று தொலைநோக்கியில் உறுதி செய்துகொண்டபின் (ஓநாய் இந்தப் பகுதியில் மத்தியச் சட்டப் பாதுகாப்பில் உள்ளது) ஒரே குண்டு. நின்ற இடத்திலேயே விழுந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால், குளிர்கால ரோமம் அடர்ந்து, வெளியே தெரிந்த அளவில் பாதி உடம்புகூட இல்லை. பெட்டை. மற்றொன்று மேட்டின் மேல் வெகுநேரம் குரைத்துக்கொண்டிருந்தது.

நண்பர் தோலை உரித்தார்; விற்பதற்கில்லை, தனக்கே. குளிர் அங்கிகளின் தலைமூடி ஓரத்துக்குக் கயோட்டி ரோமம் நல்ல விலை போன காலம் ஒன்று உண்டு. கனடா கூஸ் நிறுவனம் ரோமத்தைக் கைவிடப் போவதாக 2021-இல் அறிவித்தது. இப்போது அந்தச் சந்தையும் சரிந்துவிட்டது. பின்னர் கீழ்த்தாடையைத் தனியே எடுத்து, இருந்த இடத்தைக் கைப்பேசியில் பதிந்துகொண்டார். 2012 முதல் யூட்டா அரசு, மான்குட்டிகளைக் காப்பதற்கென்று, பதிவு செய்துகொண்டவர்களுக்குக் கயோட்டி ஒன்றுக்கு 50 டாலர் கொடுக்கிறது. எங்களுக்கு ஆன பெட்ரோலுக்கும் அது காணாது.

திரும்பும் வழியெல்லாம் இதைப் பற்றித்தான் பேசினோம். இதே மாநிலத்தில் மில்வில் என்ற ஊரில் கயோட்டிகளை ஆராய்வதற்கென்றே மத்திய அரசின் நிலையம் ஒன்று இருக்கிறது. கயோட்டிகள் குறைந்த இடத்தில் எஞ்சியவை அதிகக் குட்டிகள் போடுகின்றன என்பது 1972-லேயே வெளிவந்த முடிவு. இருபது ஆண்டுகளுக்கும் முன்பே மாநிலத்தின் வடக்கே நடந்த ஓர் ஆய்வில், கருத்தடை செய்து விடப்பட்ட இணைகள் ஆட்டுக்குட்டிகளை வெகுவாகக் குறைத்தே கொன்றன. தம் குட்டிகளுக்கு இரை தேட வேண்டிய தேவைதான் அவற்றை மந்தைக்கு விரட்டுகிறது என்று தெரிந்தது. ஆகவே ஆடும் இல்லாத, ஈற்றுக் காலமும் அல்லாத ஓரிடத்தில் ஒரு பெட்டையைச் சுட்டு 50 டாலர் வாங்குவதால் ஆட்டுக்காரருக்கு ஒரு குட்டியும் மிஞ்சாது என்றேன். நண்பர் மறுக்கவில்லை. ஐம்பது டாலருக்காகத் தான் வரவில்லை, தாத்தாவோடு போன இடங்களில் குளிரில் உட்கார்ந்திருப்பதற்காக வருவதாகச் சொன்னார். அப்படியானால் துப்பாக்கி எதற்கு என்று கேட்டேன். துப்பாக்கி இல்லாவிட்டால் அவ்வளவு நேரம் அசையாமல் உட்கார முடியாது என்றார். அது உண்மை என்று எனக்கே தெரியும். ஆயினும் மந்தையில் விழுந்த நரியை விரட்டுவதும் மேட்டில் நின்ற நரியை வரவழைத்துக் கொல்வதும் எனக்கு ஒன்றாகப் படவில்லை. அவர் மறுபடியும் கூப்பிட்டால் கழுகு பார்க்க வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஆனால் குட்டி ஈனும் பருவத்தில் அந்தப் பெரு நாட்டவரைப் பார்க்க நாங்கள் இருவரும் போவதாக முடிவு செய்திருக்கிறோம். நம் கிடையில் இரவில் குட்டிகளை எப்படிக் காத்தீர்கள் என்று அவர் கேட்டார். கூட்டில் அடைத்து வைப்பதைச் சொல்லிவிட்டேன். நாயை எந்த வயதில் ஆட்டோடு பழக்குவீர்கள், நரி வரும் பக்கத்தை எப்படி முன்கூட்டியே அறிவீர்கள் என்ற கேள்விகளுக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. நீங்கள் சொல்லச் சொல்லத் தம்பியை எழுதச் சொல்லுங்கள். நண்பர் அதை ஸ்பானிஷில் அவருக்குச் சொல்வார். பங்குனிக்குள் கடிதம் வந்துவிட்டால் நல்லது.

தங்கள் அன்பு மகன்