சரவணனுக்கு, டிவி விஷயமாக

அன்புள்ள சரவணா,

உன் கடிதம் நேற்று வந்தது. அப்பாவின் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் இங்கே எல்லோருக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் விடச் சொல். கவினுக்குச் சொன்ன வாக்கைக் காப்பாற்றி பிஎஸ்5 வீடியோ கேம் கன்சோல் வாங்கிக் கொடுத்துவிட்டாய், ரொம்ப சந்தோஷம். அதற்கு எந்த டிவி சரியாக இருக்கும் என்று கேட்டிருக்கிறாய். நான் ஒரு தடவை ஏமாந்தவன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நாம் போவோமே, அந்த வீடியோ கேம் கடை ஞாபகம் இருக்கிறதா? அரை மணிக்கு ஐந்து ரூபாய். 21 இன்ச் பிக்சர் டியூப் டிவி, ரப்பர் தேய்ந்துபோன பட்டன். ஆனால் தட்டிய அதே நொடி மாரியோ தாவுவான். பிக்சர் டியூப் வந்த சிக்னலை அப்படியே திரையில் வரைந்துவிடும். இப்போதைய டிவி படத்தை வாங்கி, மெருகேற்றி, கலரைக் கூட்டி, இல்லாத ஃபிரேம்களை, அதாவது தனித்தனிப் படங்களை, நடுவில் செருகி, அப்புறம்தான் காட்டும். சினிமா பார்க்கும்போது இது தெரியாது. விளையாடும்போது கை முந்தும், படம் பிந்தும். நீ டிவி பார்க்கப் போகும்போது முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

எங்கள் வீட்டில் இதைக் கண்டுபிடித்தது பாப்பாதான். கார் ரேஸில் வளைவு வரும்போதெல்லாம் சுவரில் மோதிக்கொண்டிருந்தாள். "நான் திருப்பினப்புறம் கொஞ்சம் லேட்டாத்தான்பா திரும்புது" என்றாள். பழக்கமில்லை என்று நினைத்தேன். ஒருநாள் டிவி செட்டிங்ஸில் கேம் மோடைப் போட்டேன், அந்த மெருகேற்றும் வேலைகளைக் குறைத்துப் படத்தைச் சீக்கிரம் காட்டும் அமைப்பு அது. முதல் வளைவிலேயே கார் வழுக்கிக்கொண்டு திரும்பியது, அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கேம் மோடு இல்லாமல் சில டிவிகள் 100 மில்லி செகண்டுக்கு மேல் தாமதிக்கும். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் ஆட்டத்தில் அது ஆறு ஃபிரேம். நல்ல டிவியில் கேம் மோடு போட்டால் ஒரு ஃபிரேம் அளவுக்கு, அதற்கும் கீழேகூட வந்துவிடும்.

நான் ஏமாந்தது 120 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 120 தடவை படம் மாறும், என்ற எண்ணில். டிவி பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வீட்டில் மாட்டிப் பார்த்தால் கன்சோல் 60 ஹெர்ட்ஸுக்கு மேல் போகவே இல்லை. அந்த 120, அசைவைச் சீராக்கும் மென்பொருளுக்குக் கம்பெனி வைத்த கணக்கு. பேனல், அதாவது திரை, வெறும் 60தான். கடையில் போய்க் கேட்டேன், கையை விரித்துவிட்டார்கள். அதனால் நீ "பேனலின் நேட்டிவ் ரெஃப்ரெஷ் ரேட் எவ்வளவு?" என்றே கேள், திரை நிஜமாகவே நொடிக்கு எத்தனை தடவை படத்தை மாற்றும் என்பதுதான் அது. கன்சோல் கேபிளை மாட்டும் போர்ட்டில் எச்டிஎம்ஐ 2.1 என்று எழுதியிருந்தாலும் போதாது. 4கே 120 ஹெர்ட்ஸ் வாங்குமா, விஆர்ஆர் உண்டா என்று தனித்தனியாகக் கேள். ஆட்டத்தில் ஃபிரேம் ஏறி இறங்கும்போது டிவியும் கூடவே ஏறி இறங்குவதுதான் விஆர்ஆர். பிஎஸ்5க்கு அது 2022 ஏப்ரலில் வந்தது, 48 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும். இன்னொன்று, பல டிவிகளில் நாலு போர்ட் இருந்தாலும் இரண்டில்தான் இந்த வசதி. அந்த இரண்டில் ஒன்றை சவுண்ட்பார் பிடித்துக்கொள்ளும்.

ஓஎல்இடியா, மினி எல்இடியா என்று கேட்டாய். ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், மினி எல்இடியில் திரைக்குப் பின்னால் சின்னச் சின்ன விளக்குகள் பளிச்சென்று எரியும். இருட்டு அறையில் ஓஎல்இடிக்கு ஈடில்லை, கறுப்பு என்றால் சுத்தக் கறுப்பு. ஆனால் உன் வீட்டு ஹாலில் மேற்கு ஜன்னல் வழியாக வெயில் நேரே அடிக்கும். அப்பாவும் கண் தெளிந்ததும் காலை முதல் ராத்திரி வரை செய்திச் சேனல்தான் வைப்பார். சேனல் லோகோ, கீழே ஓடும் பட்டை எல்லாம் ஒரே இடத்தில் வருடக்கணக்கில் நின்றால் ஓஎல்இடியில் தடம் விழ வாய்ப்பு உண்டு. அதனால் உனக்கு மினி எல்இடிதான் என்பேன். தனி அறை, தனி டிவி என்றால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

சோபாவிலிருந்து சுவருக்கு ஏழடி இருக்குமா? அப்படியானால் 55 இன்ச் போதும். 2025 செப்டம்பர் 22லிருந்து 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முந்தைய பழைய விலையைக் காட்டி யாராவது பேரம் பேசினால் விடாதே.

வாங்கி வந்ததும் கன்சோல் பெட்டியோடு வந்த கேபிளையே மாட்டு. டிவி மெனுவில் அந்தப் போர்ட்டின் சிக்னல் ஃபார்மட்டை மாற்றினால்தான் பல டிவிகளில் 120 திறக்கும். கன்சோலில் எச்டிஆர் அளவு (பளிச்சென்ற இடமும் இருட்டும் தெளிவாகத் தெரிவதற்கான அமைப்பு) வைக்கும்போது திரையில் ஒரு குறி வரும், அது மங்கி மறையும் இடத்தில் நிறுத்தச் சொல். கவின் பார்த்துக்கொள்வான்.

கடைக்கு அவனையும் கூட்டிப் போ. கடைக்காரர் சம்மதித்தால் கன்சோலையும் எடுத்துப் போங்கள். ஷோரூம் டிவியில் ஓடும் பூவும் அருவியும் எல்லா டிவியிலும் அழகாகத்தான் இருக்கும். அவன் கையில் கன்ட்ரோலரைக் கொடுத்துப் பத்து நிமிஷம் ஆடவிடு.

பொங்கலுக்கு வருகிறோம். பாப்பா இப்போதே கவினோடு ரேஸ் வைக்கத் துடிக்கிறாள். மாடலை முடிவு செய்ததும் ஒரு வரி எழுது, பணம் கட்டுவதற்கு முன்னால் நானும் ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.

உன்
பாலு