ஏலகிரி குடும்ப முகாம்: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பிப்ரவரி மாதத்தின் முதல் சனி, ஞாயிறு இரண்டு நாளும் நம் பள்ளியின் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை படிக்கும் பிள்ளைகளின் குடும்பங்கள் ஏலகிரியில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோம். 12 குடும்பங்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பெரியவர்கள் 24 பேர், பிள்ளைகள் 27 பேர். பிள்ளைகளில் ஆறு பேருக்கு ஐந்து வயதுகூட ஆகவில்லை. இந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தரை காய்ந்திருக்கும். கோடை விடுமுறைக் கூட்டமும் சித்திரை மாத இடிமழையும் இன்னும் வந்திருக்காது.

முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். பத்துப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் இடத்தில்தான் பிள்ளை கண்ணில் படாமல் நழுவும். அப்பா பார்த்துக்கொள்வார் என்று அம்மா நினைப்பார், சித்தி பார்த்துக்கொள்வார் என்று அப்பா நினைப்பார். அதனால் பிள்ளைகளை ஒன்பது ஒன்பது பேராக மூன்று குழுவாகப் பிரித்திருக்கிறோம். ஒரு குழுவுக்கு ஒரு நேரத்தில் இரண்டு பெரியவர்கள் பொறுப்பு. அவர்கள் தோளில் மஞ்சள் துண்டு இருக்கும், கழுத்தில் விசில் தொங்கும். முறை ஒரு மணி நேரம்தான். அதன்பின் மூன்று மணி நேரம் நிம்மதியாக இருக்கலாம். துண்டு தோளில் இருக்கும்வரை கையில் செல்போனும் வேண்டாம், கரண்டியும் வேண்டாம்.

துண்டை மாற்றும் விதத்தில் கவனம் வேண்டும். பார்வையால் எண்ணினால் ஓடுகிற பிள்ளையை இரண்டு முறை எண்ணிவிடுவோம். ஒவ்வொரு பிள்ளையின் தலையையும் தொட்டு எண்ணி, “ஒன்பது” என்று வாய்விட்டுச் சொல்லி, அடுத்தவரும் எண்ணி முடித்த பிறகே துண்டு கை மாற வேண்டும். ஒரு தலை குறைந்தாலும் யோசிக்காமல் மூன்று நீண்ட விசில் ஊதுங்கள். தேடுவது முதலில் தண்ணீர்ப் பக்கம், அடுத்து சாலை, கடைசியாகத்தான் கூடாரங்களும் கழிப்பறையும். சின்னப் பிள்ளை தண்ணீரில் மூழ்கும்போது சினிமாவில் வருவதுபோல் கத்தாது, கையை ஆட்டாது. சத்தமே இல்லாமல் அமிழும். ஏலகிரியில் உள்ள புங்கனூர் ஏரிக்கரையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் கையை அந்தந்தப் பெற்றோரே பிடித்திருக்க வேண்டும். அங்கே துண்டு முறையை மட்டும் நம்ப முடியாது.

பேருந்து வேலூரிலிருந்து சனிக்கிழமை காலை 6 மணிக்குக் கிளம்பும். காலை உணவு இரண்டு இட்லி, பொடி. அதற்கு மேல் வேண்டாம், பால் வேண்டவே வேண்டாம். மலையடிவாரத்துப் பொன்னேரியிலிருந்து மேலே 14 கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தை வீட்டிலேயே, கிளம்புவதற்கு அரை மணி முன்பு கொடுத்துவிடுங்கள். மலையடிவாரத்தில் கொடுத்தால் அது வேலை செய்வதற்குள் பேருந்து மேலே போய்விடும். குனிந்து செல்போன் பார்க்கிற பிள்ளைக்குத்தான் முதலில் குமட்டும். வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். ஜன்னல் வழியாக அந்தப் பலகைகளைப் படிக்கச் சொல்லுங்கள். ஆம்பூர் பிரியாணியைத் திரும்பி வரும்போது வைத்துக்கொள்ளலாம்.

தங்கும் இடம் அத்தனாவூர் பக்கம், வேலி போட்ட ஒரு தனியார் தோப்பு. கழிப்பறை, குழாய் இரண்டும் உண்டு. கூடாரங்களை உங்களில் சிலர் வாங்கியிருக்கிறீர்கள், சிலர் வாடகைக்கு எடுக்கிறீர்கள். பையில் “நான்கு பேருக்கு” என்று போட்டிருந்தால், தோளோடு தோள் ஒட்டி நான்கு பேர் படுக்கலாம் என்று அர்த்தம். இரண்டு பெரியவர், இரண்டு சிறு பிள்ளைகள், ஒரு பை என்றால் அது சரியாக இருக்கும். பாட்டியும் வருகிறார் என்றால் ஆறு பேர் கூடாரம் எடுங்கள்.

முகாமுக்கு முந்தைய சனிக்கிழமை மாலை 4 மணிக்குப் பள்ளி மைதானத்தில் ஒத்திகை. எல்லாக் கூடாரத்தையும் அங்கே ஒருமுறை நிறுத்திப் பார்க்க வேண்டும். மலைக்குப் போனபின் முளை இரண்டு குறைகிறது, கம்பி உடைந்திருக்கிறது என்று தெரிந்தால் இருட்டுவதற்குள் சரிசெய்ய முடியாது. கம்பியைத் துணிக்குழாய்க்குள் எப்போதும் தள்ளியே நுழையுங்கள். மறுபக்கத்திலிருந்து இழுத்தால் கம்பித் துண்டுகளின் இணைப்பு விட்டு நடுவில் சிக்கிக்கொள்ளும். பலவந்தம் செய்தால் துணி கிழியும். முளையின் தலை கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். நேராக அடித்த முளை காற்றில் பிடுங்கிக்கொண்டு வரும். இழுகயிறு ஒவ்வொன்றிலும் வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டுங்கள். இருட்டில் பிள்ளைகள் விழுவது பெரும்பாலும் இந்தக் கயிறு தடுக்கித்தான். கடைசியாக ஒரு குடம் தண்ணீரை மேலே ஊற்றிப் பாருங்கள். தையலில் ஒழுகினால், காய்ந்த பிறகு அந்த இடத்தில் மெழுகுவர்த்தியை அழுத்தித் தேயுங்கள், ஓரிரவுக்குத் தாங்கும்.

அடியில் விரிக்கும் தார்ப்பாய் கூடாரத்தின் அடிப்பாகத்தைவிட நான்கு விரல்கடை உள்ளே இருக்கட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மேலிருந்து வழியும் பனித்தண்ணீரைப் பிடித்துப் படுக்கைக்கு அடியில் கொண்டுவந்து சேர்க்கும். காற்றுப்போக்கி வலையைக் குளிருக்குப் பயந்து மூடிவிடாதீர்கள். நான்கு பேர் விடும் மூச்சின் ஈரம் உள்பக்கம் படிந்து, விடியற்காலை சொட்டுச் சொட்டாக முகத்தில் விழும். பட்ட கிளை உள்ள மரத்தடியிலும் தைல மரத்தடியிலும் கூடாரம் போட அனுமதிக்க மாட்டோம்.

மலையில் அந்த மாதம் இரவு வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே இறங்கலாம். குளிர் தரையிலிருந்து ஏறுகிறது. மேலே மூன்று போர்வை போட்டும் பிள்ளை நடுங்குவதற்கு அதுதான் காரணம். இரண்டு போர்வை கொண்டுவந்தால் ஒன்று அடியில் போகட்டும்: முதலில் கோரைப்பாய், அதன்மேல் ஜமுக்காளம், அதன்மேல் மடித்த போர்வை. குரங்குக் குல்லாவும் காலுறையும் அவசியம். விளையாடி வியர்த்த சட்டையை மாற்றிவிட்டுப் படுக்க வையுங்கள். எவ்வளவு குளிர்ந்தாலும் கரி அடுப்பையோ கணப்புச் சட்டியையோ கூடாரத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. தூங்குகிறவர்கள் எழாமலே போய்விடுவார்கள்.

இரவில் படுக்கை நனைக்கும் பழக்கம் உள்ள பிள்ளை என்பதற்காக வராமல் இருந்துவிடாதீர்கள். ஆறு, ஏழு வயதில் அது சாதாரணம். ரப்பர் விரிப்பு ஒன்று, மாற்றுடை இரண்டு தலைமாட்டில் இருந்தால் போதும். வகுப்பாசிரியையிடம் தனியாகச் சொல்லுங்கள். கழிப்பறைக்குப் பக்கத்துக் கூடாரத்தை உங்களுக்கு ஒதுக்குவோம்.

பாம்பைப் பற்றிப் பலர் கேட்டீர்கள். இரவில் நாம் கவனிக்க வேண்டியது கட்டுவிரியன். தரையில் தூங்குகிறவர்களைத்தான் அது பெரும்பாலும் கடிக்கிறது. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ இல்லாமல் போகலாம். விடியும்போது வயிற்றுவலி, கண் இமை தொங்குவது, விழுங்க முடியாமை என்று தொடங்கும். பிள்ளை அப்படி எழுந்தால் அஜீரணம் என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழைக்க வேண்டும். கடித்த இடத்தை வெட்டுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. எலும்பு முறிந்த கைக்குச் செய்வதுபோல் சட்டம் வைத்து அசையாமல் வைத்து, நடக்க விடாமல் தூக்கிச் செல்ல வேண்டும். நமக்காக அமர்த்திய வேன் ஒன்று இரவு முழுவதும் தோப்பிலேயே நிற்கும். திருப்பத்தூர் அரசு மருத்துவமனைக்குப் போக அது தயாராக இருக்கும். இவையெல்லாம் நேராமல் தடுப்பது ஒரு ஜிப்தான். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கடைசிவரை இழுத்து மூடப் பிள்ளைகளைப் பழக்குங்கள். செருப்பு, ஷூ இரவில் உள்ளேயே இருக்கட்டும். தின்பண்டம் கூடாரத்துக்குள் வேண்டாம்: எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும்.

சனிக்கிழமை மதியத்துக்கு வீட்டிலிருந்தே புளிசாதம். தேங்காய்ச் சட்னி வேண்டாம், மதியத்துக்குள் கெட்டுவிடும். இரவு சோறு, சாம்பார், முட்டை, உருளைக்கிழங்கு. அரிசி 5 கிலோ, துவரம்பருப்பு ஒன்றேகால் கிலோ சரியாக இருக்கும். பிள்ளைகளுக்கு 6.30-க்கே பரிமாறிவிடுவோம். பசி தாண்டிய பிள்ளை சாப்பிடாது, தூங்கவும் செய்யாது. குடிக்கவும் சமைக்கவும் 20 லிட்டர் கேன் 15 கொண்டுபோகிறோம். அடுப்பைச் சுற்றி மூன்று மீட்டருக்குக் கயிறு கட்டியிருக்கும். பிள்ளைகள் அதைத் தாண்டக் கூடாது. உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் குடும்பத்துக்கு இரண்டு எடுத்துவாருங்கள். ஒரு லிட்டர் பொட்டலம் என்றால் முழுவதையும் ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். டம்ளரில் கொஞ்சம் போட்டுக் கலக்கினால் உப்பு கூடி வயிற்றுப்போக்கு மோசமாகும்.

ஏலகிரியில் உள்ள சுவாமிமலைக் குன்றில் ஏறுவது இந்த முறை இல்லை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த புல் நிறைந்த சரிவில் பெரியவர்களே ஓடித் தப்ப முடியவில்லை. ஆறு வயதுப் பிள்ளைகளைப் புல் காய்ந்திருக்கும் இந்த மாதங்களில் காட்டுப்பாதையில் கூட்டிப்போக எனக்கு மனம் ஒப்பவில்லை.

இத்துடன் உள்ள படிவத்தில் பிள்ளையின் ஒவ்வாமை, வழக்கமாகச் சாப்பிடும் மருந்து, ரத்த வகை மூன்றையும் எழுதி, ஜனவரி 20-க்குள் வகுப்பாசிரியையிடம் கொடுங்கள். வீசிங் உள்ள பிள்ளைகளின் இன்ஹேலரைப் பெரிய பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள். மஞ்சள் துண்டு முறைப்பட்டியல் ஒத்திகை அன்று கொடுக்கப்படும்; உங்களுக்கு ஒதுக்கிய மணி நேரம் வசதிப்படாவிட்டால் அன்றே சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்