சீன வீரர்களின் பஞ்சுக் கவசம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் வாரப் பதிப்பில் வெளிவந்த பண்டைய சீனப் படைகள் பற்றிய கட்டுரை, இரும்புக் கவசத்துக்கு வசதியற்ற வீரர்களே தோலையும் துணியையும் காகிதத்தையும் உடுத்திப் போருக்குப் போனார்கள் என்று கூறுகிறது. மாணவர்களும் வாசிக்கும் பகுதி என்பதால் இத்தவறைச் சுட்டிக்காட்ட வேண்டியுள்ளது.

ஹூபே மாகாணத்தில் 1978ஆம் ஆண்டு அகழப்பட்ட, பண்டைய சீனச் சிற்றரசான செங் நாட்டுக் கோமகன் யீயின் கல்லறையில் கிடைத்த கவசங்கள், மரப்பால் மெருகு பூசிய தோல் தகடுகளைக் கோத்துச் செய்தவை. அதே கல்லறையில் 65 வெண்கல மணிகளும் இருந்தன. அவ்வளவு உலோகத்தைத் தன்னுடன் புதைக்க முடிந்தவரின் கவசம் தோலாக இருந்ததற்கு வறுமையைக் காரணமாகச் சொல்ல முடியுமா? காகிதத்தின் கதையும் இதுவே. அப்போது சீனாவை ஆண்ட சொங் மரபின் அரசு 1040ஆம் ஆண்டில் 30,000 காகிதக் கவசங்களைச் செய்வித்து, ஷான்ஸி பகுதியின் நகரங்களைக் காத்த வில்லாளர்களுக்கு வழங்கக் கட்டளையிட்டது.

என்னை மிகவும் கவர்ந்தது மிங் மரபினர் ஆண்ட காலத்துப் (1368–1644) பஞ்சுக் கவசம். ஏறத்தாழ 4 கிலோ பஞ்சைத் துணிக்குள் வைத்து நெருக்கமாகத் தைத்து, தண்ணீரில் ஊறவிட்டு, தரையில் விரித்து, இனி உப்பாது என்னும் அளவுக்குக் காலால் மிதித்து, பிறகு வெயிலில் உலர்த்தினார்கள் என்று அக்காலக் குறிப்பு சொல்கிறது. மழையில் நனைந்தாலும் அது பாரமாகாது, துப்பாக்கிக் குண்டும் பெரிய காயம் செய்யாது என்றும் அதே குறிப்பில் உள்ளது. என் தகப்பனார் கொட்டாஞ்சேனையில் மெத்தை தைத்தவர். மழையில் நனைந்து காய்ந்த மெத்தை பலகைபோல் இறுகிவிடும்; அதைப் பிரித்து மறுபடி பஞ்சடிக்க அவர் பட்ட பாட்டைப் பார்த்தே வளர்ந்தேன். எங்கள் கடையில் பழுதாகக் கருதிய அந்த இறுக்கத்தைச் சீனத் தையற்காரர்கள் வேண்டுமென்றே உண்டாக்கினார்கள்.

இரும்பை விட்டு இத்தகைய கவசங்களை நாடியதற்குக் காலநிலையும் ஒரு காரணம். மழையும் ஈரமும் மிகுந்த தென்சீனத்தில் இரும்பு விரைவில் துருப்பிடித்தது. சேற்றிலும் மேட்டிலும் நடந்தே போரிட்ட காலாட்படைக்கு அதன் பாரமும் தாங்கவில்லை. கடற்காற்றில் ஜன்னல் கம்பிகள் உதிர்வதை வெள்ளவத்தையில் அன்றாடம் காணும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்த வாரப் பதிப்பில் ஒரு திருத்தம் வெளியிடுமாறு அன்புடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.