களரிக்கு வெளியே இருந்து அழுதவர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

ஊர்க் கூத்திலும் கதைகளிலும் ஒரு சமூகத்தின் கூட்டு நினைவு எப்படித் தங்கியிருக்கிறது என்று இலக்கிய ஆய்வாளர் ஒருவர் செய்துவரும் ஆய்வைப் பற்றி உங்கள் பத்திரிகையில் வாசித்தேன். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பிறந்து, சின்ன வயதில் கூத்தில் பின்னால் நின்று பாடும் பிற்பாட்டுக்காரரோடு நின்று பாடியவன் நான், அந்த உரிமையில் எழுதுகிறேன்.

கூத்தைப் பற்றி ஆய்வே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோனார். மௌனகுரு மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களையே தன் கலாநிதிப் பட்டத்துக்கு எடுத்தார். வடமோடி, தென்மோடி என்ற இரண்டு கூத்து வகைகள், தாளக்கட்டு, உடுப்பு எல்லாம் எழுதியாகிவிட்டது. பாய் விரித்து விடியவிடியப் பார்த்துக்கொண்டிருந்த சனத்தைப் பற்றித்தான் போதிய அளவு எழுதவில்லை.

யுத்தம் முடிந்த பிறகு எங்கள் ஊரில் அபிமன்னன் (பாரதத்து அபிமன்யு) கூத்துப் பழகத் தொடங்கினோம். யாருக்கு எந்த வேஷம் என்று பங்கிட்டுச் சட்டம் கொடுக்கும் நாளில் ஒரு வேஷத்துக்கு வந்ததும் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் கொப்பியை மூடிவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார், அந்த வேஷம் முன்பு ஆடியவர் 1990இல் காணாமல் போனவர். கடைசியில் அவருடைய தம்பி மகனுக்குத்தான் கொடுத்தார். அரங்கேற்றத்தன்று சுபத்திரை மகனை நினைத்துப் புலம்பும்போது எனக்குப் பக்கத்தில் இருந்த மாமி சுபத்திரையின் பாட்டான தருவுக்குள்ளேயே தன் மகனின் பேரைச் சொல்லி அழுதார், அவரைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர். படம்பிடிக்க வந்த பிள்ளைகளின் கமரா முழு நேரமும் கூத்தாடும் இடமான களரியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றது.

பிரெஞ்சு சமூகவியலாளர் மோரிஸ் ஹல்ப்வாக்ஸ் 1925இலேயே எழுதினார், மனிதர் தனியாக நினைப்பதுபோல் தெரிந்தாலும் குடும்பம், சமயம் போன்ற கூட்டங்களின் சட்டகத்துக்குள் நின்றுதான் நினைக்கிறார் என்று. அதைப் படித்தபோது எனக்கு அந்த மாமிதான் ஞாபகத்துக்கு வந்தார். வெளியே சொல்லப் பயந்த காலத்திலும் அபிமன்னனுக்காக அழலாம், அதை யார் தடுக்க முடியும்?

கதை வேறு மாதிரி. அதைத் தனியே இருந்து வாசிக்கிறோம், ஆனால் கூத்து வாய்விட்டுச் சொல்லாத ஆண்டையும் ஊரையும் கதை சொல்லிவிடும். இன்னொன்றும் உண்டு. வாவியின் அதே தண்ணீரில் வலை போடும் முஸ்லிம் ஊர்கள் யுத்தத்தில் 1990இல் இழந்த உயிர்களுக்கு எங்கள் களரியில் இடமில்லை, கிழக்கின் சிறுகதைகளிலும் நாவல்களிலும்தான் இரண்டு பக்கத்துத் துக்கமும் ஒன்றாக இருக்கிறது. அதனால் கூத்தையும் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் இப்படியான ஆய்வு எங்களுக்குக் கட்டாயம் வேண்டும்.

ஆய்வாளரிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். எழுதியதைத் தமிழில் ஊருக்குக் கொண்டுவாருங்கள். அரங்கேற்றம் முடிந்த கூத்தை வீட்டுக்கு வீடு ஆடுவது எங்கள் வழக்கம், அதேபோல உங்கள் ஆய்வையும் முற்றத்தில் இருந்து வாசித்துக் காட்டுங்கள், பிழை இருந்தால் சனமே திருத்தும். அந்த மாமிக்கு இப்போது 81 வயது. கொஞ்சம் சீக்கிரம் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
படுவான்கரை, மட்டக்களப்பு.