கரகம் ஜோடிக்கும்போதாவது ஸ்பீக்கரை நிறுத்துங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் வட மாவட்டங்களில் விடிவதற்கு முன்பே எல்.ஆர்.ஈஸ்வரியின் குரல் ஸ்பீக்கரில் கிளம்பிவிடும். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த சினிமாப் பாடகி அவர், ஆனால் அவர் குரல் இல்லாமல் மாரியம்மன் திருவிழாவே இல்லை என்று ஆகிவிட்டது. நாகூர் ஹனிபாவின் பாட்டையும் நாம் மதம் பார்த்தா கேட்டோம்?

ஆனால் சாமி அழைப்பது வேறு விஷயம். குளக்கரையில் கரகம் ஜோடிக்கும்போது, அதாவது அம்மனை அழைக்கிற குடத்தைப் பூவால் அலங்கரிக்கும்போது, பம்பை, உடுக்கை, கைச்சிலம்போடு வர்ணிப்பு என்கிற அம்மன் அழைப்புப் பாட்டைப் பாடுகிறவர்கள், எதிரில் நிற்பவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, ஊர் பேரையும் அந்த அம்மன் பேரையும் சேர்த்து, அருள் வருகிற நேரத்தில் அடியை வேகமாக்கி, வராவிட்டால் திரும்ப முதலிலிருந்து கெஞ்சி, கோபித்து, கொஞ்சிப் பாடுவார்கள். பென்டிரைவ் இதைச் செய்யாது. இப்போது பல இடங்களில் அந்த நேரத்திலும் பின்னால் ஸ்பீக்கர் அலறுகிறது, பம்பைக்காரர் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருக்கிறது. பாவம். சீரியல் லைட்டுக்கும் இன்னிசைக் கச்சேரிக்கும் கேட்டதைக் கொடுக்கிற விழாக் குழுவினர் இவர்களிடம் மட்டும் பேரம் பேசுவது எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, பாட்டை நாள் முழுக்கப் போடுங்கள். கரகம் ஜோடித்துக் கோயில் வந்து சேரும்வரை மட்டும் நிறுத்துங்கள். பம்பைக்காரர்களின் கூலியையும் அன்றைக்கே கையில் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்