மேடை ஏறாத பெயர்கள்: பினாங்கு கான்வென்ட் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: பினாங்கு மாநிலக் கான்வென்ட் இடைநிலைப்பள்ளிகளின் மேலாளர் வாரியங்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், முன்னாள் மாணவியர் சங்கங்கள்

மதிப்பிற்குரியோரே, வணக்கம்.

உங்கள் பள்ளியின் கடந்த பரிசளிப்பு விழா நிகழ்ச்சி நிரலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ இறுதித் தேர்வு) தேர்ச்சி, வலைப்பந்து, பாட்டுக் குழு, பெண் சாரணியர் எல்லாம் இருக்கும். தமிழ்ப் பாடத்துக்கு ஒரு வரி இருக்கிறதா? தைப்பூசத்தன்று முதலுதவிக் கூடாரத்தில் நாள் முழுக்க நின்ற செயின்ட் ஜான் படைப் பிள்ளைகளின் பெயர் இருக்கிறதா? பல பள்ளிகளில் இருப்பதில்லை. யாரும் வேண்டுமென்று விட்டதில்லை. உரிய தாள் உரிய நாளில் உரிய மேசைக்குப் போகவில்லை, அவ்வளவுதான். அந்தத் தாள்களைப் பற்றித்தான் இந்த மடல்.

குழந்தை இயேசு சபைச் சகோதரிகள் 1852-ல் லைட் ஸ்ட்ரீட்டில் தொடங்கிய பள்ளியிலிருந்து கிளைத்த மரபு இது. 'பண்பில் எளிமை, கடமையில் உறுதி' என்ற பொருள்படும் கொள்கை வாசகத்தை மதம் பாராமல் எல்லாப் பிள்ளைகளும் சட்டைப் பையில் சுமந்திருக்கிறார்கள். இன்று இவை அரசு உதவி பெறும் தேசிய இடைநிலைப்பள்ளிகள். நிலமும் கட்டடமும் சபைக்கு, ஆசிரியர் சம்பளமும் பாடத்திட்டமும் அரசுக்கு. இந்த இரட்டை நிலையால் ஒரு குழப்பம் வருகிறது. தமிழ் வகுப்பு கேட்டால் பள்ளி, கல்வி இலாகாவைக் காட்டுகிறது; இலாகா பள்ளியைக் காட்டுகிறது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்காத கதை.

வரம் உண்மையில் கொடுக்கப்பட்டிருக்கிறது. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், தேசியப் பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க வசதி செய்து தரவேண்டும் என்கிறது. பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான்: அந்தப் 15 பள்ளி முழுவதற்கும் உரிய எண்ணிக்கை. ஒரு படிவத்துக்கோ (ஓர் ஆண்டு நிலைக்கோ) ஒரு வகுப்புக்கோ அல்ல. முதலாம் படிவத்தில் 6, இரண்டாம் படிவத்தில் 4, மூன்றாம் படிவத்தில் 5 என்று இருந்தாலும் கணக்குச் சரி. "முதல் படிவத்தில் ஆள் போதவில்லை" என்று அலுவலகத்தில் சொன்னதைக் கேட்டுத் திரும்பி வந்துவிடும் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கையெழுத்து வாங்க மிகச் சிறந்த நாள் முதலாம் படிவப் பதிவு நாள். எல்லாப் பெற்றோரும் ஒரே மண்டபத்தில், கையில் பேனாவோடு உட்கார்ந்திருப்பார்கள். ஓரமாக ஒரு மேசை போட்டு, மாணவியின் பெயர், வகுப்பு, அடையாளக் கார்டு எண், பெற்றோர் பெயர், கையெழுத்து, தேதி என்று கட்டம் போட்ட தாளை வையுங்கள். தனித்தனிக் கடிதங்களைவிட ஒரே பட்டியல் நல்லது, எண்ணிக்கை ஒரு பார்வையில் தெரியும். மூன்று நகல் எடுத்து ஒன்றைத் தலைமையாசிரியருக்கும் ஒன்றை மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் கொடுத்துவிட்டு, மூன்றாவதைச் சங்கக் கோப்பில் வையுங்கள். மூன்றிலும் 'பெற்றுக்கொண்டோம்' முத்திரை வாங்குங்கள். முத்திரை இல்லாத மனு அடுத்த தலைமையாசிரியர் வரும்போது காணாமல் போய்விடும். 15-க்குச் சரியாக 15 வாங்கி நிறுத்துவதும் பிழை. இரண்டு பிள்ளைகள் பள்ளி மாறினால் கதை முடிந்தது. 20-க்கு மேல் வாங்குங்கள்.

வகுப்பு கிடைத்த பிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. தமிழைப் பள்ளி முடிந்த பிறகோ சனிக்கிழமையோ வைத்தால், புறப்பாட (கழகம், சீருடை இயக்கம், விளையாட்டு) நாளோடு மோதும், அதற்குள் பள்ளி வேனும் கிளம்பிவிடும். தீவில் மதியத்துக்கு மேல் பிள்ளையைக் கூட்டிப்போக இரண்டாவது முறை வண்டி எடுக்க எத்தனை தாய்மார்களால் முடியும்? சீன மொழி வகுப்பு நேர அட்டவணைக்குள் நடக்கும் பள்ளிகளில் அதே பாடவேளையில் தமிழையும் வைக்கலாம், கூடுதல் நேரம் தேவையில்லை. ஆனால் ஒரே தமிழாசிரியர் ஐந்து படிவங்களையும் பார்க்கும்போது ஐந்து வேளைகளும் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கவேண்டும். அட்டவணை போட்டு முடித்தபின் இதை நுழைக்க முடியாது. ஆகவே கோரிக்கை பள்ளி ஆண்டு தொடங்குவதற்கு முன்பே அட்டவணைப் பொறுப்பாசிரியரின் கையில் இருக்கவேண்டும்.

அடுத்து, வகுப்புக்குள் இரண்டு விதமான பிள்ளைகள். பினாங்கின் 28 தமிழ்ப்பள்ளிகளிலிருந்து வருபவர்களுக்கு வாசிப்பும் எழுத்தும் கைவந்திருக்கும். கான்வென்ட் தொடக்கப்பள்ளியிலிருந்து வருபவர்கள் வீட்டில் சரளமாகப் பேசுவார்கள், ஆனால் பலருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பாடநூலின் முதல் பக்கத்தில் தொடங்கினால், இரண்டாம் குழு சில வாரங்களில் நின்றுவிடும். வருகை குறையும், "ஆள் வருவதில்லை" என்று வகுப்பையே மூடிவிடுவார்கள். வகுப்புகள் சாவது பெரும்பாலும் இப்படித்தான், எதிர்ப்பினால் அல்ல.

இரண்டாம் குழுவுக்கு முதல் மூன்று மாதம் தனி வேலை கொடுங்கள். 216 உயிர்மெய்யையும் அட்டவணையாக ஒப்பிக்கவைக்க வேண்டாம், பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அது அவமானமாகப் படும். ட, ப, ம என்று வடிவம் எளிய எழுத்துகளில் தொடங்கி 'படம்', 'மடம்', 'பட்டம்' என்று சொல்லாகவே படிக்கவையுங்கள். மலாயும் ஆங்கிலமும் படித்துப் பழகிய கண்ணுக்குப் பெரிய தடை ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி. முன்னால் எழுதப்பட்டுப் பின்னால் ஒலிப்பவை அவை. 'கெ' என்பதை 'எக' என்று வாசிக்கும் பிள்ளையைக் கண்டால் கவனக்குறைவு என்று திட்டாதீர்கள், அவள் இடமிருந்து வலமாக ஒழுங்காகத்தான் படிக்கிறாள். இந்தக் குறிகளுக்கு மட்டும் இரண்டு வாரம் ஒதுக்குங்கள். ல-ள-ழ, ந-ன-ண பிழைகளை முதல் ஆண்டில் திருத்துங்கள், மதிப்பெண் குறைக்காதீர்கள். ஐந்தாம் படிவ மாணவியர் வாரம் ஒருநாள் இடைவேளையில் 20 நிமிடம் உடன் உட்கார்ந்து வாசிக்கவைத்தால் போதும். அது அவர்களுக்கும் சேவைப் பதிவில் ஏறும் (அதைப் பற்றிக் கீழே).

நான்காம், ஐந்தாம் படிவத்தில் வருவது வேறொரு தயக்கம். "தமிழ் எடுத்து சி வந்தால் பள்ளியின் தரப் புள்ளி கெட்டுவிடும்" என்ற பேச்சு. வெளிப்படையாக யாரும் சொல்வதில்லை, பிள்ளையிடம் "உனக்குச் சுமை" என்று அன்பாகச் சொல்லப்படும். கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். எஸ்.பி.எம். சராசரியில் ஏ+ என்பது 0, ஏ 1, ஏ- 2 என்று போய், சி 6, டி 7, ஜி 9. எண் குறையக் குறைய நல்லது. ஒரு பள்ளியில் 150 பேர் ஆளுக்கு 9 பாடம் எழுதுகிறார்கள், சராசரி 4.00 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1350 பதிவுகள், 5400 புள்ளிகள். இதில் 15 பேர் தமிழும் எழுதி, அத்தனை பேரும் டி வாங்கினாலும் 5505-ஐ 1365-ஆல் வகுக்கவேண்டும்: 4.03. எல்லாரும் ஏ- வாங்கினால் 3.98. ஆக எல்லாரும் டி வாங்கினாலும் இழப்பு 0.03. இதற்காகவா ஒரு பிள்ளையின் மொழியைத் தட்டிப் பறிப்பது? எஸ்.பி.எம். பாடங்கள் 2010 முதல் 10 மட்டுமே என்று அறிவிக்கப்பட்டபோது சமூகம் குரல் கொடுத்துக் கூடுதலாக 2 பாடங்களுக்கு இடம் பெற்றது. வெளியே பெற்ற இடத்தைப் பள்ளிக்குள் இழக்கவேண்டாம் என்பதுதான் எங்கள் கோரிக்கை. எஸ்.பி.எம். பாடப் பதிவுக்கு முன் ஒவ்வொரு பெற்றோரும் பிள்ளையின் பதிவுத் தாளைத் தாங்களே பார்த்துக் கையெழுத்திட வேண்டும். தமிழும் தமிழ் இலக்கியமும் தனித்தனிப் பாடங்கள், ஒன்றைக் குறித்துவிட்டு மற்றதும் சேர்ந்துவிட்டதாக நினைப்பவர்கள் உண்டு.

இனி புறப்பாடம். அரசுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் தேர்வுக்கு 90 விழுக்காடு, புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு. நல்ல துறைகளில் இடம் கிடைப்பதும் நழுவுவதும் அந்தப் பத்துக்குள்தான் பல நேரம் தீர்மானமாகிறது. ஒரு சீருடை இயக்கம், ஒரு கழகம், ஒரு விளையாட்டு மூன்றிலும் வருகையும் பொறுப்பும் போட்டி நிலையும் பார்க்கப்படும். ஆண்டு முடிவதற்குள் பொறுப்பாசிரியர் அதை இணையப் பதிவில் ஏற்றவேண்டும். ஏற்றாவிட்டால் வீட்டுச் சுவரில் எத்தனை கேடயம் தொங்கினாலும் பயனில்லை.

எங்கே தவறுகிறது என்றால், வெளிச் சேவையில். புக்கிட் மெர்த்தாஜாம் புனித அன்னாள் திருவிழா ஜூலை 26-ஐ ஒட்டி வரும், தைப்பூசம் தண்ணீர்மலையில். இரண்டிலும் முதலுதவிக்கு நிற்கும் பிள்ளைகள் பலர் ஒரே பிள்ளைகள்தான், காலையில் ஒரு சாமி மாலையில் ஒரு சாமி என்று அவர்கள் கணக்குப் பார்ப்பதில்லை. ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபையின் முதியோர் இல்லத்துக்குப் போய் வருவோரும் உண்டு. திரும்பி வந்ததும் சான்று கேட்டால் யாரிடம் கேட்பது என்றே தெரியாது. முறையை மாற்றுங்கள். போவதற்கு முன்பே பள்ளியின் கடிதம், அதனுடன் பெயர்ப் பட்டியல். அங்கே பொறுப்பாளர் வந்த நேரம், போன நேரம் இரண்டையும் எழுதிக் கையெழுத்திட ஒரு கட்டம். அடுத்த பள்ளி நாளே அது பொறுப்பாசிரியரிடம். ஒரு வாரம் தள்ளிப்போட்டால் அந்தத் தாள் புத்தகப் பைக்குள் மடிந்து கிழிந்துவிடும்.

பெயர் எழுத்துப் பிழை இன்னொரு தலைவலி. அடையாளக் கார்டில் ஒரு எழுத்துக்கூட்டல், சான்றிதழில் வேறொன்று, சிலவற்றில் 'ஏ/பி'-யும் ('மகள்' என்பதற்கான மலாய்ச் சுருக்கம்) தந்தை பெயரும் வெட்டுண்டு போயிருக்கும். ஏற்பாட்டாளர் அச்சடித்த பிறகு திருத்துவது கல்லில் நார் உரிப்பது. போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போதே அடையாளக் கார்டைப் பார்த்து எழுதுங்கள், வாட்ஸ்ஆப் பெயரைப் பார்த்து அல்ல. சான்றிதழை வாங்கிய இடத்திலேயே படித்துப் பார்க்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

முன்னாள் மாணவியர் சங்கங்களுக்கு ஒரு சொல். தமிழ்ப் பாடத்துக்குப் படிவம் ஒன்றுக்கு 3 பரிசு, தலா 50 வெள்ளி (ரிங்கிட்) புத்தகச் சீட்டு என்றால் ஐந்து படிவத்துக்கும் ஆண்டுக்கு 750 வெள்ளி. மூன்றில் ஒன்றை முதலிடத்துக்கு அல்லாமல் எழுத்துக் கூட்டுவதில் தொடங்கி அதிகம் முன்னேறிய பிள்ளைக்குக் கொடுங்கள், வகுப்பை நிலைக்கவைப்பது அதுதான். மேடையில் பெயர் வாசிப்பவர் முந்தின நாளே பிள்ளைகளைத் தங்கள் பெயரைச் சொல்லச் செய்து கைப்பேசியில் பதிவுசெய்துகொண்டால் நல்லது. 'தமிழழகி' என்ற பெயர் மைக்கில் படும் பாட்டைக் கேட்டவர்களுக்குப் புரியும்.

இன்னொன்று, ஆவணம். லைட் ஸ்ட்ரீட் கான்வென்ட் அரசு உதவி பெறும் பள்ளியாக இயங்குவதை நிறுத்திக்கொண்டதைக் கண்ணெதிரே பார்த்தோம். ஒரு பள்ளி மூடும்போது ஆண்டிதழ்களும் குழுப் படங்களும் கழகக் குறிப்பேடுகளும் எங்கே போகும் என்பதை மூடும் நாளில் முடிவு செய்ய முடியாது. உங்கள் பள்ளி ஆண்டிதழ்களை இப்போதே ஸ்கேன் செய்யுங்கள். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) போதும், பக்கங்களை நசுக்காமல் தட்டையாக வைத்து எடுங்கள், பழைய ஒட்டுத் தாள்களை உரிக்காதீர்கள். குழுப் படங்களில் பெயர் இல்லாதவற்றை முதலில் எடுங்கள், அடையாளம் காட்டக்கூடிய அக்காமார்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.

பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் இவற்றைத் தீர்மானமாகக் கொண்டுவர விரும்புவோர், கூட்ட அறிவிப்பில் உள்ள கடைசி நாளுக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். 'இதர விவகாரங்கள்' பகுதியில் எழுந்து பேசினால் குறிப்பில் ஏறும், தீர்மானமாகாது. தீர்மானத்தை இரண்டு வரியில் எழுதுங்கள்: எந்த வகுப்புக்கு, எந்தப் பாடவேளையில், யார் பொறுப்பு. கையெழுத்துப் பட்டியலின் நகலை அதனுடன் பிணையுங்கள்.

இப்படிக்கு,
பினாங்கில் கான்வென்ட் பிள்ளைகளின் பெற்றோரும் பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர்களும்