ஆபரேஷனுக்கு இப்போது காசு வேண்டாம்

அன்பின் மகளுக்கு,

நீ அனுப்பின வொய்ஸ் கிடைத்தது. மேடத்திடம் கேட்டு மூன்று மாதச் சம்பளத்தை முன்னுக்கு வாங்குகிறேன், என் பிள்ளை தர்ஷியின் தோள் கழல்கிறதைக் கண்டியில் பிரைவேட்டில் காட்டி ஆபரேஷனை முடித்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தாய். இப்போதைக்கு அந்தக் காசைக் கேட்காதே. ஏன் என்று போனில் அரைகுறையாகச் சொன்னால் உனக்கு நிம்மதி வராது. அதனால்தான் நிதானமாக எழுதுகிறேன், டியூட்டி முடிந்து ஆறுதலாகப் படி.

நீ யோசிப்பது கீழ் லயத்துப் பையனை வைத்துத்தானே? அவனுக்கும் தோள் கழண்டது, ஆபரேஷன் செய்தார்கள், இப்போது நன்றாக இருக்கிறான். அப்படியென்றால் இவளுக்கும் அதைச் செய்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறாய். இரண்டு பிள்ளைகளுக்கும் கழல்வது தோள்தான். கழல்கிற காரணம் வேறு. காரணம் வேறாக இருக்கும்போது வைத்தியமும் வேறாகத்தான் இருக்கும் என்று எலும்பு டாக்டர் என்னிடம் ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னார்.

தோள் எப்படி நிற்கிறது என்பதை முதலில் விளங்கிக்கொள். பள்ளிக்கூடத்தில் பந்துக்கிண்ண மூட்டு என்று படித்திருப்பாய். இடுப்பில் அந்தக் கிண்ணம் ஆழம், பந்து உள்ளே நன்றாக உட்கார்ந்துகொள்ளும். தோளில் கிண்ணம் சின்னது, ஆழமும் கிடையாது. சோசரில் தோடம்பழத்தை வைத்த மாதிரி என்று வைத்துக்கொள். பந்தில் மூன்றில் ஒரு பங்குகூட அந்தக் கிண்ணத்தில் படுவதில்லையாம். அப்படி இருப்பதால்தான் கையைத் தலைக்கு மேலே, முதுகுக்குப் பின்னால் என்று எல்லாப் பக்கமும் கொண்டுபோக முடிகிறது. உடம்பில் வேறு எந்த மூட்டும் இந்த அளவுக்கு அசையாது. அதே காரணத்தால் இவ்வளவு லேசாகக் கழல்கிற பெரிய மூட்டும் வேறு கிடையாது. கிண்ணத்தின் ஓரத்தைச் சுற்றி ரப்பர் போல ஒரு வளையம் இருக்கிறது. அதற்கு வெளியே உறையும், எலும்புகளைப் பிணைக்கிற நார்களும். இதற்கெல்லாம் மேலே நான்கு சின்னத் தசைகள் நாலு பக்கமும் பந்தைக் கிண்ணத்தோடு சேர்த்து இழுத்துப் பிடிக்கின்றன. முதுகில் இருக்கிற தோள்பட்டை எலும்பும் கையோடு சேர்ந்து சரியாகத் திரும்ப வேண்டும். இவற்றில் எது தளர்ந்தாலும் தோள் ஆட்டம் காணும்.

கீழ் லயத்துப் பையன் மழை நேரத்தில் மைதானத்தில் பந்தைப் பிடிக்கப் போய், சறுக்கி, கையை நீட்டியபடி விழுந்தான். அவனுக்குப் பதினாறு வயது. பந்து முன்பக்கமாக வெளியே வந்துவிட்டது. விழுந்து கழல்கிற தோள் பெரும்பாலும் முன்பக்கம்தான் போகும். போகும்போது அந்த ஓர வளையத்தைக் கிழித்துக்கொண்டு போயிருக்கிறது. கிழிந்த வளையம் தானாகச் சரியான இடத்தில் போய் ஒட்டாது. அந்த வயதுப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் திரும்பவும் கழலும் என்றார்கள், அவனுக்கும் அப்படியேதான் நடந்தது. கிழிந்தது கண்ணுக்குத் தெரிந்தபடியால் தைத்தார்கள். அதில் நியாயம் இருக்கிறது.

நம் தர்ஷி எங்கேயும் விழவில்லை மகள். யாரும் கையைப் பிடித்து இழுக்கவும் இல்லை. நீ அங்கிருந்து அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறாய், அதனால் தெளிவாக எழுதுகிறேன். பக்கத்துக் காம்பராவில் விறகு தூக்கினதால் என்கிறார்கள், புத்தகப் பையைப் பழி சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் இதற்குக் காரணம் இல்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

நுவரெலியா கிளினிக்கில் அவர் அவளைச் சோதித்ததை நீ பார்த்திருக்க வேண்டும். எக்ஸ்ரேயைப் பார்க்க முன்னமே அவள் விரல்களைத்தான் பார்த்தார். சுண்டுவிரலைப் பின்னால் வளைத்தார், அது நேராக நிமிர்ந்து நின்றது. கட்டைவிரலை மடக்கினார், முன்கையில் போய்ப் படிந்தது. முழங்கையும் முழங்காலும் நேராக நிற்காமல் பின்பக்கம் வளைந்தன. கால்களை மடக்காமல் குனியச் சொன்னார், இரண்டு உள்ளங்கையும் தரையில் பட்டது. இதற்கு ஒன்பது புள்ளி உண்டாம், அவளுக்கு 7 போட்டார். அப்புறம் கையைத் தளரத் தொங்கவிடச் சொல்லி, முழங்கைக்கு மேலே பிடித்துக் கீழே மெதுவாக இழுத்தார். தோள் முனைக்குக் கீழே, பெருவிரல் வைக்கிற அளவுக்கு ஒரு குழி விழுந்தது. விட்டதும் மறைந்தது. மற்றத் தோளிலும் அப்படியே. அவளுக்கு வலிக்கவேயில்லை, சிரித்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்கும் உடம்பு இப்படி வளையுமா என்று கேட்டார். உனக்கு நினைவிருக்கும், சின்ன வயதில் நீ கட்டைவிரலை மணிக்கட்டில் ஒட்டிக் காட்டிவிட்டு ஓடுவாய், அப்பா பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதைச் சொன்னேன். நார்களின் இந்தத் தளர்வு குடும்பத்தில் வரும், பிள்ளைகளுக்கு எப்போதுமே பெரியவர்களைவிடக் கூட இருக்கும், பெண்பிள்ளைகளுக்கு இன்னும் கூட, வயது போகப் போக இறுகும் என்றார். இதைப் படித்துவிட்டு என்னால்தான் வந்தது என்று அழாதே. உன் கண்ணும் உன் தலைமுடியும் வந்த வழியில் இதுவும் வந்திருக்கிறது, அவ்வளவுதான். உனக்கு ஒருநாளும் தோள் கழண்டதில்லையே. சில குடும்பங்களில் தோலும் இரத்தக்குழாயும்கூடப் பாதிக்கிற நோய்களாக இது இருப்பதுண்டாம். அதையும் மனதில் வைத்துத் தோலை இழுத்துப் பார்த்தார், பழைய தழும்புகளைப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். அப்படி ஒன்றும் இல்லை என்று கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கிறார்.

தளர்வு மட்டும் இருந்தால் பலருக்கு ஒன்றும் ஆகாது. இவளுக்கு அதோடு கரப்பந்தும், அதுதான் வொலிபோலும், சேர்ந்துகொண்டது. 1991இலேயே இலங்கையின் தேசிய விளையாட்டு என்று அறிவித்த விளையாட்டு அது, நம் பிள்ளைகள் ஆசைப்படாமல் இருப்பார்களா? ஸ்கூல் டீமில் சர்வீஸ் அடிக்கிறவள் இவள்தான். ஒவ்வொரு சர்வீஸுக்கும் கை தலைக்கு மேலே போய்ப் பின்னால் வளைந்து வேகமாக முன்னுக்கு வர வேண்டும். ஒரு அடியில் ஒன்றும் கிழியாது. நாள்தோறும் அடிக்க அடிக்க, ஏற்கெனவே தளர்ந்த உறை இன்னும் கொஞ்சம் இழுபடும். அதோடு ஒரே வருடத்தில் அவள் என் உயரத்துக்கு வந்துவிட்டாள், தசைக்கு அந்த வேகத்தில் பலம் வரவில்லை. பிராக்டிஸ் தொடக்கத்தில் ஒன்றும் இராது, கடைசியில் தசை களைத்த பிறகுதான் நழுவும். இதைக் கவனித்துச் சொன்னது அவளே. டாக்டர் அதைக் கேட்டுவிட்டு அவளை மெச்சினார்.

தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு இவ்வளவு காலம் இருந்தும் தோளைப் பற்றி இதெல்லாம் எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. கைக்குழந்தையை ஒற்றைக் கையில் பிடித்துத் தூக்காதே என்று தாய்மாரிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அங்கே நழுவுவது முழங்கை, தோள் அல்ல. பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை விழுந்தால் தோள் கழல்வதே அபூர்வமாம். அந்த வயதில் நாரைவிட எலும்பு வளர்கிற கோடுதான் பலவீனம், அதுதான் முதலில் உடையும். மேற்கை எலும்பு நீளமாவது பெரும்பாலும் தோள் பக்கத்துக் கோட்டில்தான். அதனால் சின்னப் பிள்ளைக்குத் தோள் கழண்டுவிட்டது என்று நாமே முடிவு கட்டி இழுத்தால் உடைந்த இடத்தையே இழுத்தவர்களாவோம். கட்டாயம் எக்ஸ்ரே பார்க்க வேண்டும்.

பிறக்கும்போதே வருகிற ஒன்றும் இருக்கிறது. எங்கள் காம்பராவுக்கு ஒரு குழந்தை வந்தது, பிறக்கும்போதே நல்ல நிறை. பிரசவத்தில் தோள் மாட்டிக்கொண்டு கழுத்தில் இருந்து கைக்குப் போகிற நரம்பு இழுபட்டிருந்தது. தொட்டிலில் கிடக்கும்போது ஒரு கை ஆடும், மற்றது உட்பக்கம் திரும்பி அப்படியே கிடக்கும். பல பிள்ளைகளுக்கு நரம்பு தானாகத் தேறிவிடும். தேறாவிட்டால் சில தசைகள் இழுக்கும், சில இழுக்காது, வளர வளரக் கிண்ணம் தட்டையாகிப் பந்து பின்னால் நகர்ந்துவிடும். அதனால்தான் ஆரம்பத்திலிருந்தே அந்தக் கையை அசைத்துப் பழக்கச் சொல்கிறார்கள். உன் கூட்டாளி மாசமாக இருக்கிறாள் என்றாயே, அவளிடம் இதைச் சொல்லி வை, பயப்படுத்தாமல் சொல். வலிப்பு வந்தாலும் கரண்ட் அடித்தாலும் பந்து பின்பக்கம் போகலாம். நேர் எக்ஸ்ரேயில் அது கண்ணுக்குத் தப்பிவிடும் என்பதால் பக்கவாட்டிலும் எடுப்பார்கள்.

இனி தர்ஷியிடம் இருக்கிற இன்னொரு விஷயம். அவளால் தோளை வேண்டுமென்றே நழுவவிட முடியும், திரும்ப உள்ளே போடவும் முடியும். வகுப்பில் பிள்ளைகள் கூடி நின்று காட்டு, காட்டு என்பார்கள், அவளும் காட்டுவாள். இதைக் கேட்டு ஒரு டீச்சர் நடிக்கிறாள் என்று சொல்லிவிட்டார், பிள்ளை அன்று சாப்பிடவே இல்லை. எனக்கு மனது பொறுக்கவில்லை. நடிப்பே இல்லை அது. தசைகள் இழுக்கிற ஒழுங்கு மாறிவிடுகிறது, இழுக்கக்கூடாத தசை முந்திக்கொண்டு இழுக்கிறது, பந்து நழுவுகிறது. காட்டக் காட்ட அதே பிழையான ஒழுங்கு பழகிப்போய், பிறகு அவள் நினைக்காத நேரத்திலும் நழுவும். பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்கும்போதும், தலை சீவும்போதும் இப்போது அப்படித்தான் நடக்கிறது.

ஆபரேஷன் வேண்டாம் என்பதற்குக் காரணமே இதுதான். தைப்பதற்கு இவளிடம் கிழிந்த இடம் எதுவும் இல்லை. உறையை இறுக்கித் தைக்கிற முறை ஒன்று உண்டு, ஆனால் தசை பிழையாக இழுக்கிறவரைக்கும் அது திரும்பவும் தளர்ந்துவிடும். முதலில் பயிற்சி, ஆறு மாதமாவது ஒழுங்காக. அதற்குப் பிறகும் நழுவினால்தான் மற்றதைப் பற்றிப் பேசலாம் என்றார்கள். பிசியோ மிஸ் நன்றாகச் சொல்லித் தருகிறார். சுவரில் இரண்டு கையையும் ஊன்றித் தள்ளுவது, கதவுக் கொளுக்கியில் ரப்பர் பட்டி கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து இழுப்பது, நாலு காலில் நின்று உடம்பு பாரத்தைக் கையில் வாங்குவது. கண்ணாடி முன்னால் நின்று செய்யச் சொன்னார், தோள்பட்டை எலும்பு புடைத்துக்கொண்டு வருகிறதா என்று அவளே பார்க்க வேண்டுமாம். நான் பின்னால் நின்று பார்க்கிறேன். கையை மெதுவாக இறக்கும்போதுதான் அது புடைக்கும். முன்பைவிட இப்போது குறைவு. ஒன்று முக்கியம், இவளுக்குக் கையை இழுத்து நீட்டுகிற பயிற்சி கூடவே கூடாது. கோச்சுக்கு அதை எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஓடலாம், சர்வீஸ் மட்டும் இப்போதைக்கு இல்லை. அதற்காக ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, இப்போது சரி.

முறிவு நெறிவு வைத்தியரிடம் காட்டி எண்ணெய் போட்டு உருவி விடலாமே என்று உன் சித்தி சொல்கிறாள். நான் சம்மதிக்கவில்லை. உருவி இழுத்தால் தளர்ந்த உறை இன்னும் தளரும். தோள் வெளியே போய்த் தானாகத் திரும்பி வராவிட்டால், கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குத்தான். தோளின் வெளிப்பக்கம் மரத்துப்போனாலும் கை குளிர்ந்தாலும் கொஞ்சமும் தாமதிக்கக்கூடாது. தோட்டத்து லொறி டிரைவரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

நீ செய்ய வேண்டியது இரண்டு. வீடியோ கோலில் தோளைக் காட்டச் சொல்லாதே. அவள் தானாகக் காட்ட வந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேறு கதை கேள். மற்றது, காலையில் பயிற்சி நேரத்தில் முடிந்தால் கோல் எடு. நான் சொன்னால் முனகுகிறாள், நீ திரையில் இருந்தால் கணக்குப் பிசகாமல் செய்கிறாள்.

வழமையாக அனுப்புகிறதை அனுப்பு, அது போதும். கிளினிக் இலவசம், பஸ் காசு என் சேமலாப நிதிக் காசிலேயே சரிக்கட்டலாம். அடுத்த கிளினிக் முடிந்ததும் கொப்பியைப் படம் எடுத்து அனுப்புகிறேன், விளங்காத இடம் இருந்தால் கேள்.

அன்புடன்,
அம்மா
தலவாக்கலை